கதவைச் சாத்துங்க, மிஸ்

ஜூன் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமா? நலம் என்றுதான் பதில் வரும், தெரியும். இருந்தாலும் நலம் விசாரித்துவிட்டுத்தான் சண்டைக்கு வர வேண்டும் என்று நீங்களே சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். விசாரித்தாயிற்று. இனி சண்டை.

யூனிஃபார்ம் பார்சல் திங்கட்கிழமை வந்தது. எங்கள் ஹாஸ்டல் அறையில் பத்தாம் வகுப்புப் பெண்கள் எட்டுப் பேர். மற்ற ஏழு பேரும் என் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டார்கள். "கட்டிங் மாஸ்டர் பொண்ணுக்கு டிரெஸ் வந்திருக்கு. போட்டுக் காட்டுடி!" என்று ஒரே சத்தம். பினஃபோரைப் போட்டேன். ஜிப் இடுப்போடு நின்றுவிட்டது. பக்கத்துக் கட்டில் ஈர்க்குச்சி (அவள் ஒல்லியாக இருப்பதால் எல்லோரும் வைத்த பெயர், அவளுக்குப் பிடிக்காது, எனக்கும் இனிமேல் பிடிக்காது) என் முதுகில் முழங்காலை ஊன்றி இழுத்துப் பார்த்தாள். ஜிப்தான் பல்லை இளித்தது.

வார்டனிடம் டேப் வாங்கி அளந்தேன். மே மாதம் ஸ்பெஷல் கிளாஸுக்காக இங்கேயே தங்கியபோது நான் எழுதி அனுப்பிய அளவைவிட நான்கு அங்குலம் குறைவு. இரண்டு பினஃபோரிலும் அதே நான்கு. சரி, பக்கத் தையலைப் பிரித்துவிட்டுக்கொள்ளலாம் என்று உள்ளே திருப்பினேன். விரற்கடை துணி இல்லை! ஒட்ட வெட்டி ஓவர்லாக் அடித்திருக்கிறீர்கள். வளரும் பிள்ளைக்குத் தைக்கும்போது உள்ளே இரண்டு அங்குலம் துணி விடாதவன் தையல்காரனே இல்லை என்று கடைக்கு வரும் புதுப் பையன்களிடம் நீங்கள் கத்துவதை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்.

இருபத்திரண்டு வருஷம் கத்தரி பிடித்த கை நான்கு அங்குலம் தவறாது. அதனால் நேராகவே கேட்கிறேன். வேண்டுமென்றேதானே செய்தீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை போனில் இதைக் கேட்டிருப்பேன். ஐந்து நிமிஷமும் வார்டன் பக்கத்திலேயே நிற்கிறார். அதனால்தான் தாளில் கேட்கிறேன்.

பள்ளிச் செய்தி ஒன்று. புதிதாக ஒரு பி.டி. மிஸ் வந்திருக்கிறார். சனிக்கிழமைதோறும் காலைச் சாப்பாடு முடிந்ததும் சாப்பாட்டுக் கூடத்தின் நடுவில் எடை மெஷினை வைத்து எல்லோரையும் ஏற்றுகிறார். எண்ணை உரக்கப் படிப்பார், ஒருத்தி எழுதிக்கொள்வாள். மதியத்துக்குள் பட்டியல் கை கழுவும் இடத்துச் சுவரில் ஒட்டப்படும். அளவுக்கு மேல் இருந்தால் சிவப்பு மை. கீழே இருந்தால் நீல மை. சிவப்புக்காரர்களுக்குச் சன்னலோரம் தனி மேசை, இரண்டாம் தடவை சோறு கிடையாது. எங்கள் வகுப்பில் நாற்பது பேரில் பதினோரு பேர் சிவப்பு. அதில் நான் முதலிடம். கணக்கில் வராத முதலிடம் இதில் வந்திருக்கிறது, சந்தோஷப்படுங்கள்.

இன்னொன்று. கீழே 'மூட்டை' என்று கையெழுத்துப் போடவில்லை, கவனித்தீர்களா? சின்ன வயதில் தோளில் தூக்கிக்கொண்டு போனபோது வைத்த பெயர்தான், ஆசையாக வைத்ததுதான். ஆனால் இப்போது அந்தப் பெயரைக் கேட்டால் என்னை யாரோ தராசில் தூக்கிப் போடுவது போல இருக்கிறது. வேண்டாம் அப்பா.

பதில் எழுதுங்கள். சுற்றி வளைக்காமல் எழுதுங்கள்.

உங்கள் மகள்


ஜூன் 15

அன்பு மூட்டைக்கு என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன். பதினைந்து வருஷப் பழக்கம், பேனா தானாக எழுதிவிட்டது.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். கடையில் பள்ளி சீசன், தலைக்கு மேல் வேலை. உன் கடிதத்தை வெட்டும் மேசையில் நின்றபடியே படித்தேன். படித்துவிட்டு அரை மணி நேரம் கத்தரியைத் தொடவில்லை.

ஆமாம். வேண்டுமென்றேதான் செய்தேன்.

உன் அளவைச் சாக்பீஸால் துணியில் வரைந்தேன். வரைந்துவிட்டுப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. கோட்டை உள்ளே தள்ளிப் போட்டேன். இன்னும் கொஞ்சம் தள்ளினேன். உடையைப் பார்த்து உடம்பு இறங்கி வந்துவிடும் என்று ஒரு நினைப்பு. துணியை உள்ளே விட்டால் பிரித்துவிடுவாய் என்று அதையும் ஒட்ட வெட்டினேன். தப்பு என்று கை சொன்னது. கையை மனசு அதட்டிவிட்டது.

நான் இந்தக் கடைக்கு வந்தபோது ஒன்பது, பத்தாம் வகுப்புப் பெண்களுக்கான அளவு அட்டைகள் ஆணியில் வரிசையாகத் தொங்கும். கடைசி ஆணியில் தொங்கும் அட்டையை வருஷத்துக்கு நாலைந்து தடவைதான் எடுப்போம். இப்போது அதே அட்டை வரிசையின் நடுவில் தொங்குகிறது. அதற்கு அப்பால் மூன்று ஆணி புதிதாக அடித்திருக்கிறோம். பிள்ளைகள் எல்லாம் ஏன் இப்படி ஆகிறார்கள் என்று நானும் நினைத்துக்கொண்டே வெட்டுவேன். ஊரான் பிள்ளை என்றால் நினைப்போடு போய்விடும். சொந்தப் பிள்ளை என்றால் போவதில்லை. ஜனவரியில் உங்கள் பள்ளியிலிருந்து வந்த உடல் பரிசோதனை அட்டையில் இருந்த எண்ணை இங்கே எழுதக்கூட எனக்குக் கை வரவில்லை.

உன் பெரியப்பாவுக்குச் சர்க்கரை நோயில் காலில் மூன்று விரல் போனது உனக்குத் தெரியும். போன வாரம் பார்க்கப் போனேன். வாசலில் அவர் செருப்பு கிடந்தது. ஒரு கால் செருப்பு தேய்ந்திருக்கிறது, இன்னொன்று புதிது போல இருக்கிறது. அண்ணனுக்கு வந்தது என் பிள்ளைக்கு வந்துவிடக் கூடாது என்றுதான் எனக்குப் பயம்.

நான்கு அங்குலம் ஒன்றும் மலை இல்லை. மூன்று மாதம் வாயைக் கட்டு. அதுவரை போன வருஷத்து உடுப்பைப் போட்டுக்கொள். பி.டி. மிஸ் சொன்னபடி நட. ஊரோடு ஒத்து வாழ் என்பார்கள். பெரியவர்கள் நம் நன்மைக்குத்தான் செய்வார்கள்.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. பட்டன் வைக்கும்போது உன் பினஃபோரைத் தூக்கிப் பார்த்து, "என்ன, புள்ளைக்கு இம்புட்டுத்தான் இடுப்பா?" என்றாள். கடையில் பெண்களுக்கு அளவெடுப்பவள் அவள், அவள் கண்ணை ஏமாற்ற முடியுமா? "துணி பத்தல, அட்ஜஸ்ட் பண்ணிருக்கேன்" என்று சமாளித்தேன். நீயும் சொல்லிவிடாதே.

அன்புடன்,
அப்பா


ஜூன் 28

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உண்மையைச் சொன்னதற்கு நன்றி. கோபம் தீரவில்லை.

போன வருஷத்து உடுப்பு கைக்குழியில் கிழிந்துவிட்டது. அதனால் உங்கள் நான்கு அங்குலத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று ஒன்பது நாள் மதியச் சாப்பாட்டை விட்டேன். வாயைக் கட்டு என்றீர்களே, கட்டினேன். பத்தாம் நாள் லேபில் ஸ்டூலோடு சாய்ந்தேன். பதறாதீர்கள், எழுந்துவிட்டேன். நெற்றியில் ஒரு வீக்கம், அவ்வளவுதான்.

பள்ளியின் நர்ஸ் அக்கா அறையில் என்னைப் படுக்க வைத்தார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளும் போட்டார். மூலையில் இருந்த மெஷினில் ஏறச் சொன்னார். எண்ணை வாயால் சொல்லவில்லை. சின்ன நோட்டில் எழுதி, நோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நான் அழுதுவிட்டேன். கதவைச் சாத்தினாரே, அதற்குத்தான் அழுதேன்.

அவர் பூசி மெழுகவில்லை. "எடை இருக்கு, பொய் சொல்ல மாட்டேன். சுகர் எல்லைக்கோட்டுல நிக்குது. இப்ப பாத்துக்கிட்டா திருப்பிரலாம். நடக்கணும், தூங்கணும், நேரத்துக்குச் சாப்பிடணும். பட்டினி கிடந்தே, நானே உங்கப்பாவுக்கு எழுதிடுவேன்" என்றார். நான் தலையாட்டினேன். அப்பா, என் உடம்பைப் பற்றி உங்களுக்கு இருக்கிற பயம் எனக்கும் இருக்கிறது. இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குவது எனக்குத்தானே? அந்தப் பயத்தோடு நான் பேசிக்கொள்வேன். ஆனால் அதைச் சுவரில் ஒட்ட விட மாட்டேன்.

அந்தச் சனிக்கிழமை என் முறை வந்தது. மெஷினுக்கு முன்னால் நின்றேன். ஏறவில்லை.

"ஏறும்மா, நேரமாகுது" என்றார் பி.டி. மிஸ்.

"கதவைச் சாத்துங்க மிஸ், ஏறுறேன்" என்றேன்.

"சாப்பாட்டுக் கூடத்துக் கதவையா? இருநூறு பேர் உள்ள இருக்காங்க. இதுல என்ன ரகசியம் உனக்கு?"

"ரகசியமெல்லாம் இல்ல மிஸ். என்னோடது. அவ்வளவுதான்."

எனக்குக் கால் நடுங்கியது, ஆனால் குரல் நடுங்கவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியம். எனக்கு அடுத்து நின்றவள் ஈர்க்குச்சி. அவள் நீல மைக்காரி. வாரா வாரம் "எலும்புக்கு எத்தன கிலோ?" என்று கேட்டு ஒரு கூட்டமே சிரிக்கும். "நானும் ஏறல மிஸ்" என்றாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாதவள்!

பிரின்சிபால் கூப்பிட்டு அனுப்பினார். ஜூலை பதினைந்துக்குள் எல்லோர் முன்னாலும் ஏற வேண்டும், இல்லாவிட்டால் ஹாஸ்டலைக் காலி செய்ய வேண்டும் என்றார். உங்களுக்கு ஒரு படிவம் வரும். மகள் செய்ததற்கு வருந்துகிறேன், எடை பார்ப்பதற்கும் அறிவிப்பதற்கும் சம்மதம் என்று அதில் இருக்கும். அடியில் உங்கள் கையெழுத்துக்கு இடம் விட்டிருப்பார்கள்.

அப்பா, உங்களிடம் இதுவரை நான் பெரிதாக ஒன்றும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் என் பக்கம் இருந்தால் பதினைந்தாம் தேதி என்ன வந்தாலும் தாங்கிக்கொள்வேன்.

உங்கள் மகள்


ஜூன் 29

அன்பு மகளுக்கு,

அப்பா ஆசீர்வாதம். அவசரமாக எழுதுகிறேன்.

உங்கள் பிரின்சிபாலிடமிருந்து நேற்று ஒரு தபால் வந்தது. எல்லோர் எதிரிலும் மிஸ்ஸை எதிர்த்துப் பேசினாயாமே? படித்ததும் எனக்குத் தலை குனிவாக இருந்தது. அவர்கள் படித்தவர்கள். உன் உடம்பு இறங்க வேண்டும் என்று நம்மைவிட அக்கறையாகச் செய்கிறார்கள். போதாததற்கு அந்தப் பள்ளிக்கு யூனிஃபார்ம் தைப்பதே எங்கள் கடைதான். முதலாளி காதுக்குப் போனால் என்ன ஆகும்?

படிவத்தில் கையெழுத்துப் போட்டு அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். உன் சார்பில் மன்னிப்பும் கேட்டிருக்கிறேன். இத்தோடு இது முடியட்டும். இந்தச் சனிக்கிழமை போய் ஏறிவிடு. ஒரு நிமிஷ வேலை. கண்ணை மூடிக்கொண்டு ஏறினால் முடிந்தது.

அன்புடன்,
அப்பா


ஜூலை 5

கட்டிங் மாஸ்டர் அவர்களுக்கு,

என் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் உங்கள் கையெழுத்து இங்கே வந்துவிட்டது. இரண்டும் வழியில் எங்கேயோ ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன.

சனிக்கிழமை பி.டி. மிஸ் அந்தப் படிவத்தைக் கூடத்தில் நின்று படித்தார். "என் மகளின் பிடிவாதத்துக்கு வருந்துகிறேன். அவளது எடையைப் பார்ப்பதற்கும் அறிவிப்பதற்கும் எனக்கு முழுச் சம்மதம்." படித்து முடித்துத் தாளை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினார். உங்கள் கையெழுத்தின் வால் எனக்கு அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது.

"இப்ப என்ன சொல்ற?" என்றார்.

"சம்மதிச்சது எங்கப்பா மிஸ். அவர் வந்தா அவரை ஏத்திக்குங்க" என்றேன்.

கூடமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அன்றைக்கு ஒன்பது பேர் ஏறவில்லை. சிவப்பில் ஆறு, நீலத்தில் இரண்டு, இரண்டிலும் சேராத ஒருத்தி. நீ ஏன் ஏறவில்லை என்று அவளைக் கேட்டேன். "அடுத்த வருஷம் நான் எந்த மையோ, யாரு கண்டா?" என்றாள்.

உங்கள் பினஃபோரை என்ன செய்தேன் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? இரண்டு பக்கத் தையலையும் அக்குள் முதல் கீழ் வரை கத்தரித்தேன். போன வருஷத்துக் கிழிந்த உடுப்பிலிருந்து பக்கத்துக்கு ஒரு பட்டை வெட்டி உள்ளே வைத்துத் தைத்தேன். கைத் தையல். பழைய துணி வெளுத்திருக்கிறது, புதுத் துணி கருநீலம். இரண்டு பக்கமும் இரண்டு வெள்ளைக் கோடு போட்டது போல நூறடி தூரத்திலிருந்து தெரியும். தெரியட்டும். அதைப் போட்டுக்கொண்டுதான் தினமும் வகுப்புக்குப் போகிறேன். யாராவது கேட்டால், எங்கப்பா வெட்டினது இவ்வளவு, நான் சேர்த்தது இவ்வளவு என்று காட்டுகிறேன்.

பதினைந்தாம் தேதிக்கு இன்னும் பத்து நாள். பெட்டி கட்டிவிட்டேன். ஹாஸ்டலை விட்டுப் போகச் சொன்னால் சித்தி வீட்டுக்குப் போவேன். உங்கள் வீட்டுக்கு வர மாட்டேன். என்னைவிட நான்கு அங்குலம் சின்னதாக ஒரு மகள் உங்களுக்கு வேண்டும். அவள் வந்தால் அந்த வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு, சிவப்பு மை, முதல் பெயர்


ஜூலை 10

அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதத்தை அம்மா கையில் கொடுத்து அனுப்புகிறேன். தபாலை நம்பிப் பட்ட பாடு போதும்.

உன் இருபத்தெட்டாம் தேதிக் கடிதமும் ஐந்தாம் தேதிக் கடிதமும் என் சட்டைப் பையிலேயே இருந்தன. சட்டையைத் துவைக்க எடுத்த அம்மா கண்டுபிடித்துவிட்டாள். அவளுக்கு எண் எழுத வருமே தவிர எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். "படிங்க" என்று எதிரில் உட்கார்ந்துவிட்டாள். உன் முதல் கடிதத்திலிருந்து எல்லாவற்றையும் படித்துக் காட்ட வேண்டியதாயிற்று. லேபில் விழுந்த இடம் வந்ததும் நிறுத்தினேன். "நிறுத்தாதீங்க" என்றாள்.

முடித்ததும் கடிதங்களை வாங்கி மடித்து வைத்தாள். பிறகு கேட்டாள்: "நம்ம கடையில பொண்ணுங்களுக்கு நான் எப்படி அளவெடுக்குறேன், சொல்லுங்க பாப்போம்."

எனக்குத் தெரியாதா? திரையை இழுத்துவிடுவாள். எண்ணை வாயால் சொல்ல மாட்டாள். சீட்டில் எழுதி, நாலாக மடித்து, துணியில் ஊசியால் குத்தி என் மேசைக்கு அனுப்புவாள். சீட்டில் பெயர் இருக்காது. எந்தப் பெண்ணின் அளவு எது என்று இருபத்திரண்டு வருஷமாக எனக்கே தெரியாது. கடையில் வேலைக்குச் சேரும் பெண்களுக்கு முதல் நாள் அவள் சொல்லிக் கொடுப்பதே அதுதான்.

"ஊரான் வீட்டுப் பொண்ணுக்குச் சீட்டை மடிச்சுக் குத்துறோம். நம்ம பொண்ணு எண்ணைச் செவுத்துல ஒட்டுங்கன்னு நீங்க கையெழுத்துப் போட்டுட்டு வந்து நிக்கிறீங்க" என்றாள்.



இன்னொன்றும் சொன்னாள். உனக்குச் சொல்லலாமா என்று கேட்டேன், சொல்லுங்கள் என்றாள். அவளுக்கு நான் தைக்கும் உடுப்பெல்லாம் எப்போதும் ஒரு அங்குலம் பிடிக்கும். என் கைக்கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "உங்க டேப்பைப் பாத்தாலே நான் மூச்சை இழுத்துப் பிடிச்சுக்குவேன். கல்யாணம் ஆன நாள்லேருந்து" என்றாள். அப்பா எவ்வளவு பெரிய மடையன் என்று இதற்கு மேல் உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன், அந்தப் பள்ளிக்குக் கொடுத்த கையெழுத்தைத் திரும்பக் கேட்கப் போகிறேன் என்று. "அந்த ஆர்டர் போச்சுன்னா உன் தலையிலதான் விடியும்" என்றார். "விடியட்டும்" என்றேன். நீ மிஸ்ஸிடம் பேசியபோது கால் நடுங்கியது என்று எழுதியிருந்தாயே, அது என்ன என்று அப்போது புரிந்தது.

பிரின்சிபாலுக்கு எழுதிய கடிதம் அம்மாவிடம் இருக்கிறது. அதில் இருப்பது இவ்வளவுதான்:

"என் மகளைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன். அது தவறு. அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன். மன்னிப்புக் கேட்டதையும் திரும்பப் பெறுகிறேன். பிள்ளைகளின் உடம்பைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் தையல் கடையில்கூட எண்ணை உரக்கச் சொல்வதில்லை. பள்ளிக்கூடம் எங்கள் கடையைவிடக் கீழே போகலாமா?"

கடைசி வரி அதிகப்பிரசங்கித்தனம் என்று அடிக்கப் போனேன். அம்மா பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

நீ சித்தி வீட்டுக்குப் போனாலும் சரி, நம் வீட்டுக்கு வந்தாலும் சரி. உன்னைவிட நான்கு அங்குலம் சின்னதாக இருக்கும் அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது. நான் தோளில் தூக்கி வளர்த்தது உன்னைத்தான். பயத்தில் வெட்டினேன். பயந்து வெட்டிய துணி எதற்கும் உதவாது என்று தெரிந்தவன், தெரிந்தே வெட்டினேன். மன்னித்துவிடு என்று கேட்கிறேன். மன்னிக்க நாளானாலும் காத்திருக்கிறேன்.

அப்பா


ஜூலை 21

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மா போன வாரமே வீடு வந்து சேர்ந்திருப்பாள். நடந்ததைப் பாதிதான் சொல்லியிருப்பாள். மீதி நான் சொல்கிறேன், நான் கதவோரம் நின்று பார்த்தேன்.

பிரின்சிபால் அறைக்குள் போனதும் அம்மா உங்கள் கடிதத்தை மேசைமேல் வைத்தாள். "என் வீட்டுக்காரர் தப்பாக் கையெழுத்துப் போட்டுட்டாரு மேடம். அதைத் திருப்பிக் குடுங்க" என்றாள். பிரின்சிபால் கடிதத்தைப் படித்தார். கடைசி வரியில் முகம் மாறியது. "இதெல்லாம் பிள்ளைங்க ஆரோக்கியத்துக்காகத்தான்" என்றார்.

"நல்லதுதான் மேடம். பாக்க வேணாம்னு யாரு சொன்னா? கதவைச் சாத்திட்டுப் பாருங்க."

பக்கத்தில் நின்ற பி.டி. மிஸ்ஸுக்குப் பொறுக்கவில்லை. "இதுல வெக்கப்பட என்ன இருக்கு? வெறும் எண்ணுதானே?" என்றார்.

அம்மா அவரைத் தலையிலிருந்து கால் வரை ஒரு பார்வை பார்த்தாள். கடையில் திரைக்குப் பின்னால் பார்ப்பாளே, அந்தப் பார்வை. "ஆமா மிஸ், வெறும் எண்ணுதான். உங்க மார்பு, இடுப்பு, தொடை மூணு எண்ணையும் இங்க நின்னபடியே நான் சொல்லிருவேன். டேப்பு வேணாம். அரை அங்குலம் தப்பாது. வெளிய வராண்டாவுல பியூன் நிக்கிறாரு, அவருக்கும் கேக்குற மாதிரி சொல்லட்டுமா?"

பி.டி. மிஸ்ஸின் கை தானாக இடுப்புக்குப் போனது. பிரின்சிபால் மேசையிலிருந்த கோப்பு ஒன்றை எடுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டார். அவரை யாரும் ஒன்றும் சொல்லவே இல்லை, அப்பா!

"பயப்படாதீங்க மேடம். சொல்ல மாட்டேன். எங்க தொழில்ல சொல்லக் கூடாது" என்றாள் அம்மா.

கையெழுத்துத் தாள் திரும்ப வந்தது. வெளியே வந்து வராண்டா பெஞ்சில் அம்மா பொத்தென்று உட்கார்ந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து என் பினஃபோரில் சேர்த்த பட்டையைத் தடவிப் பார்த்து, "தையல் கோணலாப் போயிருக்கு" என்றாள். அவ்வளவுதான் பாராட்டு.

பதினைந்தாம் தேதி வந்தது, போனது. யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. பதினேழாம் தேதி ஒரு சுற்றறிக்கை வந்தது: நிர்வாகக் காரணங்களால் இனி எடை பார்த்தல் நர்ஸ் அறையில், மாதம் ஒரு முறை, ஒவ்வொருவராக. தப்பு செய்தோம் என்று ஒரு வரி கிடையாது. ஒன்பது பேர் அடுத்த சனிக்கிழமை இருபத்தாறு ஆனோம்; இருபத்தாறு பெண்கள் ஏற மறுத்ததற்குப் பெயர் நிர்வாகக் காரணம். சுவரில் பட்டியல் இருந்த இடத்தில் நாலு மூலைப் பசைத் தடம் மட்டும் நிற்கிறது. சன்னலோரத் தனி மேசை இன்னும் இருக்கிறது. அதற்கு அடுத்த சண்டை. பி.டி. மிஸ் என்னோடு பேசுவதில்லை. ஈர்க்குச்சிக்கு அவளுடைய சொந்தப் பெயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். முதல் இரண்டு நாள் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கவில்லை.

காலையில் நாங்கள் பதினாலு பேர் நர்ஸ் அக்காவோடு மைதானத்தைச் சுற்றி நடக்கிறோம். யாரும் சொல்லி நடக்கவில்லை. எனக்கு நாலாவது சுற்றில் மூச்சு வாங்குகிறது. வாங்கட்டும், நின்று வாங்கிக்கொண்டு மறுபடி நடக்கிறேன். பெரியப்பாவின் செருப்பு எனக்கு மறக்கவில்லை.

நேற்று என் முறை. நர்ஸ் அக்கா கதவைச் சாத்தினார். நான் ஏறினேன். கண்ணைத் திறந்துகொண்டே ஏறினேன்.

எண் என்ன என்று உங்களுக்கு மனசு துடிக்கும். கூடியதா, குறைந்ததா, அதையாவது சொல் என்பீர்கள். சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியும், நர்ஸ் அக்காவுக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றும் நாளில் நானே சொல்வேன். அது வராமலும் போகலாம். அதற்காக நீங்கள் என்மேல் கோபப்படக் கூடாது.

உங்கள்மேல் எனக்கு இருந்த கோபம் முக்கால்வாசி போய்விட்டது. மீதிக் கால்வாசி நான்கு அங்குலத்துக்காக இல்லை. கையெழுத்துக்காகவும் இல்லை. எதற்கு என்று சொல்கிறேன்.

ஜனவரியில் அந்த அட்டை வீட்டுக்கு வருவதற்கு முன்னால் நீங்கள் எழுதிய கடிதங்களை எல்லாம் நேற்று எடுத்துப் படித்தேன். ஒவ்வொன்றிலும் முதல் வரி ஒன்றுதான்: சாப்பிட்டாயா? ஞாயிற்றுக்கிழமை போனில் ஹலோவுக்கு முன்னால் அதுதான் வரும். அந்த அட்டை வந்த பிறகு எழுதிய ஒரு கடிதத்திலும் அது இல்லை. போனிலும் இல்லை. மன்னிப்புக் கேட்டு எழுதினீர்களே, அதில்கூட இல்லை. அறையில் மற்ற ஏழு பேரின் வீட்டிலும் கேட்கிறார்கள். நீலத்திலும் சேராத, சிவப்பிலும் சேராத பெண்ணின் அப்பா இரண்டு தடவை கேட்கிறார். குண்டான பிள்ளையிடம் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்று உங்களுக்கு யார் சொன்னது?

ஆறு மாதமாக நீங்கள் கேட்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன். இன்று மதியம் பசித்தது. நேரத்துக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன், அப்பா.

உங்கள் மகள்